கல்லறையே பட்டா: லுவோ மக்களின் வீடும் ஏரியும் அரசியலும்

2025 அக்டோபர் 15ஆம் தேதி காலை, கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள கூத்தாட்டுக்குளத்தில் நடைப்பயிற்சிக்குப் போன 80 வயது முதியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மருத்துவமனைக்குத் தூக்கிப் போயும் உயிர் மீளவில்லை. அவர் கென்யாவின் முன்னாள் பிரதமர் ரைலா ஒடிங்கா. ஆயுர்வேத சிகிச்சைக்காக அங்கே தங்கியிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் எடுத்துக்கொண்ட சிகிச்சையால்தான் தன் மகள் பார்வையை மீளப் பெற்றதாக அவர் சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் உடல் நைரோபியில் இறங்கியபோது விமான நிலையத்துக்குள்ளேயே கூட்டம் புகுந்துவிட்டது. அஞ்சலிக்கு வைத்திருந்த விளையாட்டரங்கில் போலீஸ் சுட்டதில் சிலர் இறந்தார்கள். மறுநாள் நைரோபியில் அரசு மரியாதை, அதற்கு மறுநாள் கிசுமு நகரில் அஞ்சலி, 19ஆம் தேதி பொண்டோவில் அடக்கம். இந்தச் செய்திகளைப் படித்தவர்களுக்குச் சில கேள்விகள் எழுந்திருக்கும்.

1. வாழ்நாளில் பெரும்பகுதியைத் தலைநகர அரசியலில் கழித்தவரை ஏன் மேற்குக் கோடியில் உள்ள ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள்?
2. துக்க ஊர்வலத்தில் இளைஞர்கள் மாடுகளை விரட்டிக்கொண்டு ஓடியது எதற்காக?
3. அதிபர் தேர்தலில் ஐந்து முறை நின்று ஐந்து முறையும் வெற்றி அறிவிக்கப்படாத ஒருவருக்காக ஒரு மக்கள்கூட்டம் முழுவதும் 'பாபா', அதாவது அப்பா, என்று கதறியது ஏன்?

மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்திலிருந்துதான் கிளைக்கிறது. ரைலா லுவோ இனத்தவர். லுவோ மக்களுக்கு வீடு என்றால் என்ன, அது யாருக்குச் சொந்தம், அதை எது நிரூபிக்கிறது என்பது புரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே துலங்கும்.

## லுவோ என்பவர்கள் யார்?

கென்யாவின் மேற்கில், விக்டோரியா ஏரியின் வினாம் வளைகுடாவைச் சுற்றி வாழ்பவர்கள் லுவோக்கள். சியாயா, கிசுமு, ஹோமா பே, மிகோரி ஆகிய நான்கு மாவட்டங்கள் அவர்களுடைய தாயகம். ஏரிக்கரையைத் தொடர்ந்து தெற்கே தான்சானியாவின் மாரா பகுதியிலும் வாழ்கிறார்கள். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கென்யாவில் மட்டும் ஏறத்தாழ 50 லட்சம் பேர். எண்ணிக்கையில் கிகுயு, லுயியா, கலென்ஜின் இனங்களுக்கு அடுத்த இடம்.

அவர்கள் பேசும் மொழி தொலுவோ. கென்யாவின் பெரிய இனங்கள் பலவும் பேசும் பாண்டு மொழிகளோடு இதற்கு உறவில்லை. இது நைலோட்டிக் குடும்பத்தின் மேற்குக் கிளை. உகாண்டாவின் அச்சோலி, அலூர் மக்களும் தெற்கு சூடானின் ஷில்லுக் மக்களும் பேசுபவை இதன் உறவு மொழிகள். அந்த உறவே அவர்கள் வந்த வழியையும் காட்டுகிறது. இன்றைய தெற்கு சூடானின் பஹர் எல் கசல் பகுதியிலிருந்து நைல் நதியை ஒட்டித் தெற்கே நகர்ந்து, உகாண்டா வழியாக, சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கரையை அடைந்தார்கள். முதலில் தங்கியதாக மரபு சொல்லும் இடம் சியாயாவில் உள்ள ராமோகி குன்று. ராமோகி என்பது குல மூதாதையின் பெயர்.

இந்த வரலாற்றை எழுத்தில் நிலைநிறுத்தியவர் பெத்வெல் ஒகோட். எழுதிவைத்த ஆவணம் இல்லாத மக்களுக்கு வரலாறு கிடையாது என்று பல்கலைக்கழகங்கள் நம்பிய காலத்தில், கிழவர்களிடம் உட்கார்ந்து வம்சாவளிகளைக் கேட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தலைமுறைகளை எண்ணிக் காலத்தைக் கணித்தார். தென் லுவோக்களின் வரலாறு பற்றிய அவருடைய நூல் 1967இல் வந்தது. வாய்மொழியை ஆதாரமாகக் கொள்ளலாம் என்பதை ஆப்பிரிக்க வரலாற்றுத் துறைக்கு உறுதிப்படுத்திய நூல்களில் அதுவும் ஒன்று. ஒகோட் 2025 ஜனவரியில் காலமானார்.

இன்று லுவோ என்று சொல்லிக்கொள்ளும் எல்லோரும் வடக்கிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அல்லர். ஏரித் தீவுகளில் வாழ்ந்த சுபா மக்கள் பாண்டு மொழி பேசியவர்கள்; பல தலைமுறைகளில் தொலுவோவுக்கு மாறினார்கள். ஆகவே லுவோ என்பது இரத்தத்தை விட மொழியாலும் வாழ்முறையாலும் ஆன அடையாளம் என்று கொள்வதே சரி.

பெயர் வைக்கும் முறையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். குழந்தை பிறந்த பொழுதே பெயராகும். பெரும்பாலும் ஆணுக்கு 'ஒ', பெண்ணுக்கு 'அ' முன்னே வரும். இரவில் பிறந்தால் ஒட்டியேனோ, அட்டியேனோ. காலையில் ஒகின்யி, அகின்யி. உச்சி வெயிலில் ஒச்சியெங், அச்சியெங். மழை பெய்தபோது ஒகோத், அகோத். முன்னாள் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமாவின் தாத்தா ஒன்யாங்கோ. முற்பகலில் பிறந்தவர் என்று பொருள்.

## தாலா: ஒரு வீட்டின் இலக்கணம்

தொலுவோவில் வீட்டைக் குறிக்க இரண்டு சொற்கள் உண்டு. 'ஓத்' என்றால் கட்டடம். சுவரும் கூரையும் இருந்தால் போதும். 'தாலா' என்றால் ஒரு மனிதன் தன் தந்தையின் வாழ்த்தோடு, தன் குல நிலத்தில், உரிய சடங்குகளோடு நிறுவிய குடியிருப்பு. நைரோபியில் மாடி வீடு கட்டியவருக்கும் அது ஓத் மட்டுமே. தாலா ஊரில் இருக்கும்.

தாலாவின் அமைப்பில் தற்செயலாக வைக்கப்பட்டது எதுவும் இல்லை.

1. வேலியால் சூழப்பட்ட வளாகம். ஒரே பெரிய வாசல். வாசலுக்கு நேர் எதிரே உட்புறத்தில் முதல் மனைவியின் வீடு. அவளுக்கு 'மிகாயி' என்று பட்டம். அடுத்தடுத்த மனைவியரின் வீடுகள் அதற்கு இரு பக்கமும் வரிசைப்படி.
2. பையன் வளர்ந்துவிட்டால் பெற்றோர் கூரையின் கீழ் தூங்கக் கூடாது. வாசலை ஒட்டித் தனக்கென ஒரு குடிசை போட்டுக்கொள்வான். அதற்குப் பெயர் 'சிம்பா'.
3. மணமாகிப் பிள்ளை பெற்ற மகன் ஒருநாள் வெளியேறித் தன் சொந்தத் தாலாவை நிறுவ வேண்டும். அன்று தந்தை முன்னே நடப்பார். மகன் சேவலும் கோடரியும் எடுத்துக்கொள்வான், மனைவி நெருப்பு கொண்டுவருவாள், மூத்த பிள்ளை கூட வரும். பொழுது சாய்வதற்குள் ஒரு வீடு எழும்பியாக வேண்டும்.
4. அண்ணன் கட்டாமல் தம்பி கட்டக் கூடாது. கடைக்குட்டி மட்டும் தந்தையின் வளாகத்திலேயே தங்கிவிடுவான்.

இந்த வரிசையை மீறினால் 'சிரா' பிடிக்கும் என்பது நம்பிக்கை. சிரா என்பது சூனியம் அல்ல, தெய்வக் குற்றமும் அல்ல. முறை தவறிய வீட்டில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் தேய்வு: பிள்ளைகள் மெலிவார்கள், நோய் தீராது. 1980களின் இறுதியில் எய்ட்ஸ் ஏரிக்கரையில் பரவியபோது, உடல் உருகிச் சாவதைப் பார்த்த பலர் அதைச் சிரா என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழப்பம் பல உயிர்களைக் குடித்தது.

கைம்பெண்ணின் நிலையும் இதே இலக்கணத்துக்குள் வருகிறது. கணவன் இறந்தால் அவனுடைய சகோதர முறையில் ஒருவர் அவளுக்குத் துணையாக வருவது மரபு. அதற்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளும் இறந்தவன் பெயரையே சுமப்பார்கள். நோக்கம் இறந்தவனின் தாலா அணைந்துபோகாமல் காப்பது. நடைமுறையில் பல பெண்களுக்கு அது வற்புறுத்தலாக மாறியது. சம்மதிக்காவிட்டால் நிலம் கையை விட்டுப் போகும் என்ற அச்சம் பின்னால் நின்றது. நோய் பரவிய காலத்தில் அது மரணத்தின் பாதையாகவும் ஆனது. நிலம் தொடர்பான வழக்கங்களில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஒழிக்கச் சொல்கிறது. சட்டம் சொல்வதற்கும் வேலிக்குள் நடப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அந்தப் பெண்கள் ஒவ்வொரு நாளும் நடந்து கடக்க வேண்டியிருக்கிறது.

## கல்லறை சொல்லும் சாட்சி

ஒருவர் இறந்தால் அவரைத் தாலாவுக்குள்ளேயே புதைக்கிறார்கள். பொது இடுகாடு என்ற எண்ணமே மரபில் கிடையாது. வீட்டுத் தலைவனுக்கு வீட்டின் வலப்பக்கம், மனைவிக்கு இடப்பக்கம் என்று இடம் குறித்திருக்கிறது.

இதில் பக்தி மட்டும் இல்லை. காகித ஆவணம் இல்லாத காலத்தில் ஒரு நிலம் யாருடையது என்பதற்கு அங்கே யாருடைய முன்னோர் புதைந்திருக்கிறார்கள் என்பதுதான் சாட்சி. கல்லறை எங்கேயோ, உரிமை அங்கே. வெளியூரிலிருந்து வந்து அண்டிப் பிழைப்பவருக்கு 'ஜதாக்' என்று பெயர். அவர் உழலாம், அறுக்கலாம், ஆனால் மண்ணின் உரிமையாளர் ஆக முடியாது. பிரிட்டிஷ் அரசு 1954இல் ஸ்வின்னர்ட்டன் திட்டம் என்ற பெயரில் நிலங்களை அளந்து தனிநபர் பட்டா கொடுக்கத் தொடங்கியபோது, லுவோ பகுதிகளில் அது பலத்த சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது. பட்டா வந்த பிறகும் கல்லறை தன் வலுவை இழக்கவில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டிய வழக்கு எஸ்.எம். ஒட்டியேனோ வழக்கு. நைரோபியின் புகழ்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர் அவர். ஆங்கில இலக்கியத்தில் தோய்ந்தவர்; கிகுயு இனத்தைச் சேர்ந்த வாம்புயியை மணந்தவர்; பிள்ளைகளை நகரத்தில் வளர்த்தவர். 1986 டிசம்பர் 20இல் இறந்தார். நைரோபிக்கு அருகே உள்ள தங்கள் நிலத்தில் புதைக்க வேண்டும் என்றார் மனைவி. சியாயாவின் ந்யால்குங்கா கிராமத்துக்கு உடல் வர வேண்டும் என்றது அவருடைய உமிரா காகெர் குலம்.

நீதிமன்றத்தில் எழுந்த மையக் கேள்வி, நைரோபியில் அவருக்கு இருந்தது வீடா, இல்லமா என்பதுதான். ஓத்துக்கும் தாலாவுக்கும் இடையிலான அந்த நூலிழை வேறுபாடு ஆங்கிலச் சட்ட மொழியில் அலசப்பட்டது. தத்துவப் பேராசிரியர் ஒடேரா ஒருகா குலத்தின் தரப்பில் சாட்சி சொல்ல வந்தார். நாடே நாள்தோறும் செய்தித்தாள்களில் இந்த விசாரணையைத் தொடர்ந்து படித்தது. 1987 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் குலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மே 23ஆம் தேதி அவர் ந்யால்குங்காவில் புதைக்கப்பட்டார். இறந்து 154 நாட்கள் ஆகியிருந்தன.

இந்த வழக்கைப் பழமைக்கும் புதுமைக்கும் நடந்த சண்டை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. ஊரில் புதைக்கப்படாதவனின் பிள்ளைகளுக்கு ஊரில் என்ன பங்கு என்ற கேள்வி அதற்குள் இருந்தது. மணவாழ்வு முழுவதும் கூட இருந்த மனைவியின் சொல்லுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியும் இருந்தது. முதல் கேள்விக்கு நீதிமன்றம் விடை சொன்னது. இரண்டாவது கேள்வியில் வாம்புயிக்கு அநீதி நடந்தது என்றே நினைக்கிறேன்.

பராக் ஒபாமாவின் தந்தை 1982இல் நைரோபியில் கார் விபத்தில் இறந்தார். அவருடைய கல்லறை எங்கே? சியாயாவின் ந்யாங்ஓமா கொகெலோ கிராமத்தில், குடும்ப வளாகத்துக்குள், தாத்தா ஒன்யாங்கோவின் கல்லறைக்குப் பக்கத்தில்.

முதல் கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. பொண்டோவில் ரைலாவைப் புதைத்த இடத்தின் பெயர் காங்ஓ கா ஜராமோகி. அது அவருடைய தந்தை ஜராமோகி ஒகிங்கா ஒடிங்காவின் தாலா. தந்தையின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

## மாடுகள் ஏன் ஓடின?

துக்க ஊர்வலத்தில் மாடுகளை ஓட்டும் சடங்குக்கு 'தேரோ புரு' என்று பெயர். புழுதியை, அதாவது சாவின் சாம்பலை, எடுத்துப் போதல் என்று பொருள். வயதும் மதிப்பும் உள்ள ஆண் இறந்தால் ஊர் ஆண்கள் ஈட்டியும் கேடயமும் தடியும் ஏந்தி, இலைக் கொத்துகளை உடம்பில் செருகிக்கொண்டு, மாடுகளைக் கூட்டமாக ஓட்டியபடி ஊர் எல்லை வரை ஓடுவார்கள். அங்கே கண்ணுக்குத் தெரியாத எதிரியோடு போரிடுவதுபோல் பாய்வார்கள், குத்துவார்கள், கத்துவார்கள். எதிரி சாவு. அதை ஊரை விட்டுத் துரத்திவிட்டு, பாடிக்கொண்டு திரும்புவார்கள்.

மாடு எதற்கு? வடக்கிலிருந்து வந்தபோது லுவோக்கள் முதன்மையாக மாடு மேய்ப்பவர்கள். மாடுதான் செல்வம், மாடுதான் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர். இறந்தவன் சேர்த்த பெருமையெல்லாம் கால் முளைத்து ஊரைச் சுற்றி வருவதுபோல அந்தக் காட்சி இருக்கும். 1890களில் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் கிழக்கு ஆப்பிரிக்க மந்தைகளை அழித்தது. அதன் பிறகு பயிரும் மீனும் பிழைப்பின் தூண்களாயின. ஆனாலும் சாவு வீட்டில் மாடு தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

## ஏரி: ஆறு சதவீதத்தில் பிழைப்பு

தொலுவோவில் ஏரிக்குப் பெயர் நாம் லோல்வே. 68,800 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதில் கென்யாவின் பங்கு சுமார் 6 சதவீதம்தான். மற்றதெல்லாம் தான்சானியாவுக்கும் உகாண்டாவுக்கும் உரியது. ஏரிக்கரைச் செய்திகளில் அடிக்கடி வரும் எல்லைத் தகராறுகளுக்கு இந்த ஒற்றை எண்ணே காரணம். ஓர் ஏக்கர்கூட இல்லாத மிகிங்கோ பாறைத் தீவில் தகரக் கொட்டகைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. கென்யாவும் உகாண்டாவும் அதற்காக ஆண்டுக்கணக்கில் முறைத்துக்கொள்வது பாறைக்காக அல்ல, அதைச் சுற்றியுள்ள ஆழ்நீரில் கிடைக்கும் மீனுக்காக.

அந்த மீனின் கதை ஏரியையே மாற்றிய கதை. 1950களில் காலனி அதிகாரிகளின் காலத்தில் ஏரிக்குள் விடப்பட்ட நைல் பெர்ச் என்ற கொடுவா இன மீன், 1980களில் திடீரெனப் பெருகியது. 200 கிலோ வரை வளரக்கூடிய வேட்டை மீன். உள்ளூரில் அதற்கு ம்புத்தா என்று பெயர். லுவோக்கள் காலங்காலமாகச் சாப்பிட்டுவந்த சிறு மீன்களில் சுமார் 200 இனங்கள் அழிந்துபோயின. உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் அவை.

ம்புத்தா பணத்தைக் கொண்டுவந்தது, ஆனால் மீனைக் கொண்டுபோய்விட்டது. கிசுமுவில் ஏற்றுமதி ஆலைகள் எழுந்தன. சதைத் துண்டுகள் பனிக்கட்டியோடு ஐரோப்பாவுக்குப் போயின. தலையும் முள்ளும் ஒட்டிய எலும்புக்கூடு மட்டும் ஆலையின் பின்வாசல் வழியாக வந்தது. பெண்கள் அதை வாங்கி, கொதிக்கும் எண்ணெயில் பொரித்து, சந்தையில் அடுக்கி விற்றார்கள். அதற்குச் சுவாஹிலியில் ம்கோங்கோ வாசி என்று பெயர், திறந்த முதுகு. ஏரிக்கரையில் பிறந்தவர்கள் ஏரி மீனின் முள்ளை வாங்கிச் சாப்பிட்டதைக் காட்டிலும் இந்தப் பொருளாதாரத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஏழைகளுக்கு மிஞ்சியது ஒமேனா. விரல் நீள வெள்ளி மீன். நிலவில்லாத இரவில் படகுகள் விளக்கோடு போகும். வெளிச்சத்துக்கு மேலே வரும் கூட்டத்தை வலை வளைக்கும். விடியலில் கரை சேர்ந்ததும் வேலை பெண்களுடையது. பழைய வலையை மண்ணில் விரித்து, மீனைக் கொட்டி, கையால் பரப்பி, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைப்பார்கள். மழை வந்துவிட்டால் அன்றைய முதல் போச்சு. ஈரமான ஒமேனா கோழித் தீவன விலைக்குத்தான் போகும். காய்ந்தது வீட்டில் குவோன் என்ற களியோடு தட்டில் விழும். களிக்கு முன்பு சோளமும் கேழ்வரகும். இன்று பெரும்பாலும் மக்காச்சோளம்.

படகு ஆண்களுடையது, வியாபாரம் பெண்களுடையது. இந்தப் பிரிவினைக்குள்தான் 'ஜபோயா' வளர்ந்தது. மீன் குறைந்த நாட்களில் எந்தப் பெண்ணுக்கு மீன் கொடுப்பது என்பதை மீனவன் தீர்மானிக்கிறான். பணத்தோடு உடலையும் விலையாகக் கேட்கிறான். ஏரிக்கரை மாவட்டங்களில் எச்.ஐ.வி. தொற்று நாட்டிலேயே அதிகமாக இருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. வெளியிலிருந்து எழுதுபவர்கள் இதை லுவோ கலாசாரம் என்று எழுதுவது வழக்கம். அது தவறு. மீன் ஏராளமாக இருந்தால் விற்பவன் வாங்குபவளைத் தேடுவான். அரிதானால் வாங்குபவள் விற்பவனிடம் கையேந்த வேண்டிவரும். ஜபோயா பற்றாக்குறையின் பிள்ளை. கிசுமுவுக்குத் தெற்கே ந்துரு கரையில் சில பெண்கள் உதவிப் பணத்தில் சொந்தப் படகு வாங்கி, ஆண்களைக் கூலிக்கு அமர்த்தி, இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். 2020இல் ஏரி பொங்கியபோது அவர்களுடைய ஊர் தண்ணீருக்குள் போனது.

இதற்கிடையே ஆகாயத் தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி 1990 வாக்கில் விக்டோரியா ஏரியில் காலூன்றியது. வினாம் வளைகுடா ஆழமற்றது, வயல் உரமும் நகரச் சாக்கடையும் கலந்தது. செடிக்கு இதைவிட நல்ல தொட்டில் கிடைக்காது. பச்சைப் பாய் கரையை அடைத்துவிட்டால் படகு வெளியே போக முடியாது. வண்டுகளை விட்டு அரிக்கச் செய்தார்கள், இயந்திரத்தால் அள்ளினார்கள். குறைந்தது, திரும்ப வந்தது. அண்மைக் காலமாக வளைகுடாவில் கூண்டுகளில் திலாப்பியா வளர்ப்பது பெருகியிருக்கிறது. முதல் உள்ளவருக்கு அது வழி. வலையும் துடுப்பும் மட்டும் உள்ளவருக்கு அல்ல.

## ரயிலும் குடிசை வரியும்

1896இல் மொம்பாசாவில் தொடங்கிய ரயில் பாதை 1901 டிசம்பரில் கிசுமுவைத் தொட்டது. அப்போது அந்த ஊருக்குப் போர்ட் புளோரன்ஸ் என்று பெயர். பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப் உள்ளிட்ட இந்தியப் பகுதிகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பின்னால் வந்த இந்திய வணிகர்கள் கிசுமுவின் கடைத்தெருவை உருவாக்கினார்கள்.

ரயிலைத் தொடர்ந்து குடிசை வரி. ஒவ்வொரு குடிசைக்கும் வரி என்றால், மனைவிக்கு ஒரு வீடு என்ற தாலாவின் இலக்கணமே சுமையாக மாறுகிறது. வரிக்குக் காசு வேண்டும். காசுக்கு ஆண்கள் கெரிச்சோ தேயிலைத் தோட்டங்களுக்கும் மொம்பாசா துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் போனார்கள். 1921இல் 'பின்யி ஒவாச்சோ', நாடு சொல்லிவிட்டது, என்ற முழக்கத்தோடு வரிக்கும் கட்டாய வேலைக்கும் எதிராக எழுந்த இயக்கம் கென்யாவின் தொடக்ககால எதிர்ப்பு அரசியலில் முக்கியமானது. ஊருக்கு வெளியே வாழ்ந்தவர்களை லுவோ யூனியன் என்ற சங்கம் இணைத்தது. வெளியூரில் இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்புவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 1968இல் உருவான கோர் மாகியா கால்பந்து அணியும் அந்தச் சங்கத்தின் மடியில் பிறந்ததுதான். 1987இல் அந்த அணி ஆப்பிரிக்கக் கோப்பை வெற்றியாளர் கோப்பையை வென்றது.

ஏரிக்குக் கிழக்கே கரும்பு உண்டு. மிவானி, சேமெலில், முகோரோனி ஆலைகள் ஒரு காலத்தில் மாதச் சம்பளம் தந்தவை. நிர்வாகச் சீர்கேட்டிலும் கடனிலும் அவை மூச்சுத் திணறின. அரசு ஆலைகளை 2025இல் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டார்கள்.

## தோல்வியின் வரலாறு

மூன்றாவது கேள்விக்கு வருவோம். சுதந்திரத்தின்போது லுவோக்கள் அதிகாரத்தின் நடுவில் இருந்தார்கள். ஜராமோகி ஒகிங்கா ஒடிங்கா 1964இல் நாட்டின் முதல் துணை அதிபர். டாம் ம்போயா அமைச்சரவையின் கூரிய மூளை. பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. 1966இல் அதிபர் ஜோமோ கென்யாட்டாவோடு முரண்பட்டு ஒடிங்கா விலகி, தனிக் கட்சி தொடங்கினார். வெள்ளையர் விட்டுப்போன நிலத்தை யாருக்குக் கொடுப்பது என்பது முரண்பாட்டின் மையங்களில் ஒன்று.
2. 1969 ஜூலை 5இல் ம்போயா நைரோபி வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 38. ருசிங்கா தீவில் அவருடைய நினைவிடம் துப்பாக்கிக் குண்டின் வடிவில் எழுந்து நிற்கிறது.
3. அதே ஆண்டு அக்டோபர் 25இல் கிசுமுவில் மருத்துவமனை திறக்க வந்த கென்யாட்டாவுக்கும் ஒடிங்காவுக்கும் மேடையிலேயே வாக்குவாதம். கூட்டம் கொதித்தது, காவலர்கள் சுட்டார்கள். அரசு சொன்ன கணக்கு 11 பேர். ஊரார் சொல்லும் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. சில நாட்களில் கட்சி தடைசெய்யப்பட்டது, ஒடிங்கா சிறைவைக்கப்பட்டார்.
4. 1990 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஒவுகோ கொல்லப்பட்டார். அவரும் லுவோ.
5. 2007 தேர்தல் முடிவைத் தொடர்ந்த வன்முறையில் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிசுமுவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்கள். சமரசமாக ரைலா 2008 முதல் 2013 வரை பிரதமராக இருந்தார்.

ரைலாவே 1982 ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்குப் பிறகு விசாரணையின்றிப் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். 1997, 2007, 2013, 2017, 2022 தேர்தல்களில் நின்றார். 2017இல் உச்ச நீதிமன்றமே அதிபர் தேர்தலை ரத்து செய்தது; மறுதேர்தல் நேர்மையாக இருக்காது என்று அவர் விலகிக்கொண்டார். இதை இனவாத வாக்குவங்கி என்று சுருக்குவது நடந்ததைப் பார்க்க மறுப்பது. ஒரே மக்கள் ஒரே நகரத்தில் மூன்று தலைமுறையாகச் சுடப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் அழுதது ஒரு வேட்பாளருக்காக மட்டும் அல்ல.

## பல்லும் தோலும்

அரசியலில் லுவோக்கள் மீது வீசப்படும் பழைய வசை ஒன்று உண்டு: அவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ளாதவர்கள், ஆகவே முழு ஆண்கள் அல்லர், ஆளத் தகுதியற்றவர்கள் என்பது. அண்டை இனங்கள் பலவற்றில் அது ஆணாகும் சடங்கு. லுவோக்களின் மரபில் அந்தச் சடங்கு வேறு: கீழ்வரிசைப் பற்கள் ஆறைப் பிடுங்குவது. அது இப்போது வழக்கொழிந்துவிட்டது. மிக வயதானவர்கள் சிரிக்கும்போது தெரியும் இடைவெளியில் மட்டும் மிச்சமிருக்கிறது. 2008 ஜனவரி வன்முறையில் லுவோ ஆண்களைப் பிடித்துக் கட்டாயமாக விருத்தசேதனம் செய்த கொடுமையும் நடந்தது.

இந்தப் பின்னணியில்தான் மருத்துவம் வந்து நின்றது. கிசுமுவில் 2,784 இளைஞர்களிடம் நடந்த ஆய்வு, விருத்தசேதனம் ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைப் பாதியளவுக்குக் குறைப்பதைக் காட்டியது. 2006 டிசம்பரில் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி எல்லோருக்கும் அந்த அறுவைச் சிகிச்சையை வழங்கச் சொல்லும் அளவுக்கு முடிவு தெளிவாக இருந்தது. 2008இல் அரசு திட்டம் தொடங்கியது. மூத்தோர் அவையினர் எதிர்த்தார்கள்; ரைலா உள்ளிட்ட தலைவர்கள் ஆதரித்தார்கள். சடங்கு அல்ல, மருத்துவம் என்று பிரித்துச் சொன்னதும் இளைஞர்கள் பெருந்திரளாக வந்தார்கள். வசைக்குப் பணிந்து செய்ய மறுத்ததை, தங்கள் உயிருக்காகத் தாங்களே முடிவெடுத்துச் செய்தார்கள்.

## நான்கு நாள் துக்கம்

லுவோ சாவு வீடு சுருக்கமாக முடிவதில்லை. வெளியூர் உறவினர் வந்து சேர வேண்டும், பந்தல் போட வேண்டும், வருபவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். உடல் வாரக்கணக்கில் சவக்கிடங்கில் இருக்கும். வாடகை ஏறிக்கொண்டே போகும். செலவுக்கு மாடு விற்பதும் கடன் வாங்குவதும் சாதாரணம். பணம் திரட்ட இரவு முழுவதும் இசை வைத்து நடத்தும் 'டிஸ்கோ மட்டாங்கா'வை, பதின்ம வயதுப் பெண்களுக்கு அங்கே நேரும் ஆபத்துகளைச் சுட்டிக்காட்டி அதிகாரிகள் திரும்பத் திரும்பத் தடைசெய்கிறார்கள்.

இந்த மரபுக்கு நடுவே, தன்னை 72 மணி நேரத்துக்குள் புதைத்துவிட வேண்டும் என்று ரைலா விரும்பியிருந்ததாகக் குடும்பத்தினர் அறிவித்தார்கள். மூத்தோர் பலருக்கு அது அதிர்ச்சி. இன்னும் எத்தனையோ பேர் வர வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம். செலவால் நொடிந்த குடும்பங்களுக்கோ அது ஒரு வழிகாட்டல். தேரோ புரு நடந்தது, மாடுகள் ஓடின, ஆங்கிலிக்கன் ஆயர்கள் ஜெபித்தார்கள், ராணுவம் மரியாதை செலுத்தியது. அந்தக் கெடு சற்றே தாண்டினாலும், எல்லாம் சில நாட்களுக்குள் நெருக்கி முடிந்தன.

நைரோபியில் இறந்த எஸ்.எம். ஒட்டியேனோ தன் ஊர் மண்ணுக்குள் போக 154 நாட்கள் ஆயின. இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால், கூத்தாட்டுக்குளத்தில் இறந்த ரைலா, ஐந்தாம் நாள் மாலை தன் தந்தையின் வளாகத்தில் இருந்தார்.